கொண்டு வர முயல்

என் வாய்க்குத் தனியாக ஒரு காவலாளி போட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. நான் ஐயாறன். மருதங்கோட்டை அரசவையில் மன்னர் வீரமாறருக்குச் சிரிப்பு மூட்டுவது என் வேலை. பாதி நாள் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார். மீதி நாள் என்னைப் பார்த்தே சிரிப்பார். இரண்டையும் நான் என் திறமைக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்வேன்.

அன்றைக்கு மன்னர் முகத்தில் கவலை. ஏழு வயது இளவரசி வளர்ப்பதற்கு முயல் கேட்டு மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. காட்டு முயல் கையில் நிற்காது. துறைமுகத்தில் ஒரு கடல் வணிகன் வீட்டு முயல்களை இனம் இனமாக இறக்கியிருந்தான். எந்த இனத்தை வாங்குவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இனம் பார்ப்பதா? யானையோ ஆட்டுக்குட்டியோ, எனக்கு ஒரு பார்வை போதும் அரசே," என்றேன். நிஜத்தில் எருமை எது, கடா எது என்பதே எனக்குப் பால் கறக்க உட்கார்ந்தால்தான் தெரியும்.

மழவராயர் எழுந்தார். அவர் ஓலைநாயகம், அரண்மனை ஆணைகளை எழுதுகிறவர். மன்னருக்குப் பக்கத்தில் எனக்கு இருக்கை கொடுத்த நாளிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"இளவரசிக்கு என்றால் குறையே இருக்கக் கூடாது அரசே. கடிக்கக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது, மயிர் உதிரக் கூடாது. கட்டிக்கொள்ளப் பெரிதாகவும் இருக்க வேண்டும், மடியில் அடங்கச் சிறிதாகவும் இருக்க வேண்டும். இவருக்குத்தான் ஒரு பார்வை போதுமாமே, எட்டாம் நாள் அவைக்குக் கொண்டு வரட்டும்."

"தவறினால்?" என்றார் மன்னர்.

"அவர் இருக்கை எனக்கு. அவருக்கு யானைக் கொட்டாரத்தில் லத்தி அள்ளும் வேலை."

மன்னர் தலையாட்டினார். மழவராயர் அங்கேயே ஓலை எழுதி நீட்டினார். எங்கள் அரண்மனை ஓலைக்கு ஒரு வழக்கம் உண்டு. விவரமெல்லாம் முதலில் வரும், வேண்டிய பொருளின் பெயர் கடைசியில் வரும். 'நாளைக் காலை மடைப்பள்ளிக்குக் கொண்டு வர நெய்' என்பதுபோல. நான் அதைப் படிக்காமலே இடுப்பில் செருகினேன். பெரிய மனிதர்கள் ஓலை படிப்பதில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

வணிகனிடம் நாலு இனம் இருந்தது. பார்த்து முடிவு சொல்கிறேன் என்று நாலிலும் ஒவ்வொன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீள மயிர்க்காரனை என் மனைவி உமையாளின் சீப்பால் சீவினேன். அன்று குழம்பில் மயிர், மறுநாள் மோரிலும் மயிர். காது தொங்கியது பரம சாது. அது சாதுவாகவே அம்மிக்கல்லுக்கு அடியில் சுரங்கம் தோண்டியது. பெரியதை மடியில் வைத்துப் பார்த்தேன். கால் மரத்துப்போய், என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. உள்ளங்கை அளவில் இருந்த குட்டை இனத்தை முகத்தருகே தூக்கிக் கொஞ்சினேன். மூக்கைக் கடித்துவிட்டது.

ஏழாம் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "குறையில்லாத இனம் ஒன்றுகூட இல்லையே உமையாள். நாளை முதல் லத்திதான்."

"குறையில்லாததுதான் வேண்டும் என்று நான் உட்கார்ந்திருந்தால் உங்களைக் கட்டியிருப்பேனா?" என்றாள். "அது கிடக்கட்டும். ஓலையில் என்ன எழுதியிருக்கிறது?"

எடுத்து வாய்விட்டுப் படித்தேன். அவள் உடனே சிரித்துவிட்டாள். எனக்கு விளங்க இன்னும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் மூக்கில் கட்டோடும் கையில் கூடையோடும் அவைக்குப் போனேன். மழவராயர் என் இருக்கையை மேல்துண்டால் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கே குறையில்லாத இனம்?"

"அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை."

"அரசே, ஆணை நிறைவேறவில்லை."

"முழுக்க நிறைவேறியது. ஓலையை நீங்களே படியுங்கள்."

அவர் வாங்கி உரக்கப் படித்தார். "ஐயாறனுக்கு ஆணை, எட்டாம் நாள் அவைக்குக் குறையில்லாத இனத்தில் ஒன்று கொண்டு வர முயல்."

"கொண்டு வர முயல்," என்றேன் நான். "முயன்றேன் அரசே. ஏழு நாளும் முயன்றேன். மூக்கே சாட்சி. கொண்டு வா என்று அதில் எங்கேயும் இல்லை."

மன்னர் ஓலையை வாங்கிப் பார்த்தார். பிறகு கிரீடம் நழுவும் அளவுக்குச் சிரித்தார். மழவராயர் என் இருக்கையிலிருந்து கையை எடுத்தார்.

இதற்குள் இளவரசி ஓடிவந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயாறரைக் கடித்தது எது?"

குட்டையைக் காட்டினேன். "இதுதான் எனக்கு வேண்டும்," என்று அணைத்துக்கொண்டாள். அது அவள் தோளில் முகம் புதைத்துத் தூங்கப் பார்த்தது. ஏழு நாள் ஆராய்ச்சி செய்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மன்னர் மழவராயரின் காதில் ஏதோ சொல்ல, அவர் முதல் முறையாக என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடி ஒரு ஓலை எழுதினார். பரிசு ஓலை. இந்த முறை நான் ஏமாறவில்லை, அங்கேயே படித்தேன்.

"ஐயாறனுக்குப் பரிசாகக் கொடுக்க முயல்."

"எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்," என்றார் மன்னர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஒரு விதமாகப் படித்தால் கொடுக்க முயற்சி மட்டும் செய்வார்கள், வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு எப்போதும் வெறுங்கை பிடிக்காது. மீதி மூன்றையும் கூடையோடு தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசலில் உமையாள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சீப்பை எடுத்து ஒளித்து வைத்தாள்.

இப்போது வீட்டில் இருபத்திரண்டு இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமானால் தாராளமாக வாருங்கள். என்ன இனம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.