வேலம்பாசி நெளிந்த கதை

அந்தக் காலத்தில் ஆமையும் நாரையும் மனிதரோடு பேசும். ஆற்றில் பாசி என்பதே கிடையாது. அடிமணல் பளிச்சென்று தெரியும்.

அந்த ஆற்றங்கரையில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர். மூத்தவள் வஞ்சியாத்தாள், இளையவள் மயிலாத்தாள். இருவருக்கும் முழங்காலைத் தொடும் அடர்ந்த கூந்தல். ஆனால் மயிலாத்தாள் தலையை விரித்துவிட்டால் அது அலை அலையாக நெளிந்து இறங்கும். நாரைகூட மீனை விட்டுவிட்டு அவளைத்தான் பார்க்கும். வஞ்சியாத்தாளுக்கு வயிறு எரியும். தன் கூந்தல் விளக்குமாறு மாதிரித் தொங்குவதாக நினைத்துக் குமைவாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "உனக்கு மட்டும் எப்படிடி நெளியுது?"

"ஈரத் தலையைப் பிரிச்சுப் பிரிச்சுப் பின்னிக்குவேன்க்கா. நல்லாக் காஞ்சதும் அவிழ்த்து விரலால கோதுவேன். அவ்வளவுதான்."

வஞ்சியாத்தாளும் பின்னிப் பார்த்தாள். பொறுமைதான் இல்லை. வெயில் ஏறுமுன்பே அவிழ்த்தாள். உள்ளே ஈரம் காயாத கூந்தல் பழையபடி நேராக விழுந்தது. 'பொய் சொல்லி ஏமாத்திட்டாளே' என்று பல்லைக் கடித்தாள்.

மறுநாள் புல்லறுக்கப் போனவள் கண்ணில், ஆற்றுப் பாறையில் பின்னல்களைக் காயவிட்டு அயர்ந்து தூங்கும் மயிலாத்தாள் பட்டாள். கையில் அரிவாள் இருந்தது. அத்தனை பின்னலையும் அறுத்து ஆற்றில் வீசினாள்.

விழித்த மயிலாத்தாள் பிடரியைத் தடவிப் பார்த்து அலறினாள்.

"உங்க அக்காதான் அறுத்தா. நான் பார்த்தேன்" என்றது கரையோரத்து ஆமை.

அரிவாளோடு அங்கேயே நின்ற வஞ்சியாத்தாளை மயிலாத்தாள் திட்டவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே உக்காந்து உங்களுக்குப் பின்னிவிட்டிருப்பேனேக்கா" என்றாள், தேம்பிக்கொண்டே.

அந்தச் சொல் வஞ்சியாத்தாளைச் சுட்டது. அரிவாளைப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்தாள். பின்னல்கள் அதற்குள் அவிழ்ந்து, மணலில் வேர் பிடித்து, நீரோட்டத்தில் நெளிந்துகொண்டிருந்தன. அள்ளி அள்ளி எடுத்தாள். கைக்கு வந்ததெல்லாம் வழவழவென்று பச்சைப் பாசி. விட்டுவிட்டுக் கரையேறப் போனாள். அது விடவில்லை, கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

"அக்கா, கையைக் கொடுங்க" என்று மயிலாத்தாள்தான் இழுத்துக் கரை சேர்த்தாள்.

ஆற்றில் வேலம்பாசி அலை அலையாக நெளிவதும், குளிக்க இறங்கும் பெண்களின் காலைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதும் அன்று முதல்தான்.