கோட்டை வாசலில் வேப்பிலை

கொன்றையூரை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். சாப்பாட்டில் கறிக்குழம்பு இல்லையென்றால் மட்டும், ராஜ்யமே பறிபோன மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். கோட்டைக்குள், அரண்மனையை ஒட்டியே ஒரு பிரசவ மனை கட்டியிருந்தான். அங்கே மருத்துவச்சி பூவாயி.

அந்தப் பூவாயிக்கு அம்மை வார்த்துவிட்டது. வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு வீட்டில் படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கொப்புளம் விடவில்லை.

பிரசவ மனைக்கு அதிகாரி நல்லசிவம். பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே தலைவலி வந்துவிடும் அவருக்கு. "காய்ச்சல் விட்டாச்சு, அப்புறம் என்ன? நாளைக்கு வேலைக்கு வராவிட்டால் வேலை இல்லை" என்று எழுதி, ராஜாவிடம் முத்திரையும் வாங்கி அனுப்பிவிட்டார்.

சேதி கேட்டு அரசவை விகடகவி கூத்தப்பன் பூவாயி வீட்டுக்கு வந்தான். சன்னலிலிருந்தே அவள் கத்தினாள்.

"கிட்ட வராதீங்கண்ணே! தெருவுலயே நில்லுங்க."

"ஓலை வந்துச்சாமே, தாயி?"

"வந்துச்சு. போனா, பொறந்து பத்து நாள் ஆகாத ஏழு பச்சப்புள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும். போகாட்டி என் பொழப்பு போயிரும். அதிகாரி ஐயாவே வந்தாரு. கொப்புளத்தைக் காட்டலாம்னா, மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டாரு."

"குணமாயிட்டேன்னு எழுதினவரு எதுக்கு ஓடணும்?" கூத்தப்பன் மீசையைத் தடவிக்கொண்டான். "நீ படுத்துக்க தாயி. நான் பாத்துக்கறேன்."

நேராகப் போய் ஒரு கட்டு வேப்பிலை ஒடித்தான். கோட்டை வாசலில் தோரணம் மாதிரி கட்டினான். காவலாளி பார்த்தான், யாரையும் உள்ளே விடவில்லை. ராஜாவுக்குச் சவரம் செய்ய வந்தவர் வாசலோடு திரும்பிவிட்டார். சமையற்காரர் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு, கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

மத்தியானம் ராஜா இலை முன் உட்கார்ந்தான். பழைய சோறு வந்தது. நீர்மோர் வந்தது. நாலு சின்ன வெங்காயம் வந்தது.

"குழம்பு எங்கேய்யா?"

"அம்மை கண்ட வீட்டில் கறி ஆகாதுங்க, மகாராஜா."

"மோரையாவது தாளித்திருக்கலாமே!"

"கடுகு வெடிக்கவே கூடாதுங்க."

"யாருக்கடா அம்மை?" ராஜா துள்ளி எழுந்தான். "எந்தப் பயல் வேப்பிலை கட்டினது?"

"நான்தான், மகாராஜா." கூத்தப்பன் பவ்யமாக வந்து நின்றான். "இன்னும் யாருக்கும் வரலை. நாளைக்கு வருது."

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"நீங்கதானே முத்திரை போட்டுக் கூப்பிட்டிருக்கீங்க! பூவாயி உடம்பை விட்டு அம்மன் இன்னும் இறங்கலை. அவளை வரச்சொன்னால் அம்மனும் கூடவே வருவாள். ஊர் ஊராக அம்மனை வழியனுப்புகிறார்கள். ஓலை எழுதி வேலைக்கு அழைத்த ராஜா நீங்க ஒருத்தர்தான். வரவேற்பு குறையலாமா?"

ராஜா வேப்பிலையை நினைத்தான். மோரைப் பார்த்தான். "இந்தப் பத்தியம் எத்தனை நாளைக்கு?"

"பிரசவ மனைக்கும் அரண்மனைக்கும் ஒரே வாசல். அங்கே ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு வந்து, எல்லாருக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும். இந்த வருஷம் கறி கிடையாது, மகாராஜா."

"நல்லசிவம்!" அரண்மனை அதிர்ந்தது.

அதிகாரி ஓடி வந்தார். "காய்ச்சல் விட்டுவிட்டதே, மகாராஜா..."

"கொப்புளத்தைப் பார்த்தீரா?"

"பார்க்க... பக்கத்தில் போக வேண்டுமே."

ராஜாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கூத்தப்பனுக்குக் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிக் கொடுத்தான். பழைய ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதச் சொன்னான்: கொப்புளமெல்லாம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, தண்ணீர் ஊற்றிய பிறகு பூவாயி வந்தால் போதும். சம்பளம் நிற்காது. அதுவரை தாய்மார்களைப் பக்கத்தூர் மருத்துவச்சி கவனிப்பாள். தூளி ஆட்டுவதும் துணி அலசுவதும் அதிகாரி நல்லசிவம்.

புது ஓலை எழுதிய நாலாம் நாள் காலையில் பூவாயி வீட்டுத் தெருமுனையில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தோளில் ஈரத்துணியோடு.

"அம்மா பூவாயி! பொருக்கு உதிர்ந்ததா?"

சன்னல் திறந்தது.

"கிட்ட வந்து நீங்களே பாத்துச் சொல்லுங்களேன், ஐயா!"