கவளத்தம்மாவின் மடியில் இருந்த கல்

"பசிக்குதும்மா," என்றாள் பவளாயி.

"சாப்பிடு," என்றாள் கவளத்தம்மா.

அவ்வளவுதான் பதில். மலைக் குகைக்கு இத்தனை படி ஏறி, இடுப்பில் கைப்பிள்ளையோடு மூச்சு வாங்க வந்து நின்றவளுக்கு அது போதவில்லை.

"சாப்பிட்டாலும் பசிக்குதும்மா. கை கழுவறதுக்குள்ள பசிக்குது. இவன் பால் குடிக்க வாய வச்சா போதும், தின்னதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. ஆனா நான் இளைக்கணும். மாசித் தேருக்குள்ள இளைக்கணும். பசியை ஜெயிச்ச வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்க."

"பால் குடுக்கறவளுக்குப் பசிக்கத்தான் செய்யும். சாப்பிடு."

யாரோ வைத்துவிட்டுப் போன தயிர்ச்சோற்றுச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

*

கவளத்தம்மா என்றதும் நரைத்த தலையையும் பொக்கை வாயையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பவளாயியைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள், அவ்வளவுதான். எந்த ஊர், என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் மலைக்கு வந்தாள், குகையில் உட்கார்ந்தாள். கொண்டுவந்து வைக்கிற சோற்றில் ஒரே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். ஊர் சும்மா இருக்குமா? கவளத்தம்மா என்று பேர் வைத்து, பசியை வென்றவள் என்றும் சொல்லிவிட்டது.

அவள் மடியில் எப்போதும் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு கல் இருக்கும். லிங்கம் என்றார்கள் சிலர். அம்மன் என்றார்கள் சிலர். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வருகிறவர்கள் அதன்மேல் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

*

பவளாயி கழைக்கூத்தாடி வீட்டுப் பெண். நடக்கப் பழகியதற்கும் கயிற்றில் நடக்கப் பழகியதற்கும் அதிக நாள் இடைவெளி இல்லை. நீளமான மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கயிற்றின் மேல் வருவாள். ஒரு பக்கம் எலுமிச்சம்பழக் கனம் கூடினாலும் அவள் தோளுக்குத் தெரிந்துவிடும்.

கீழே நின்று தண்ணீர் கேட்டால் எட்டி நின்று ஊற்றுகிற ஜனங்கள், அவள் மேலே ஏறிவிட்டால் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த நேரத்துக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

பிள்ளை பிறந்தது. உடம்பு போட்டது. ஐப்பசி மழைக்கு மலையடிப் புளியந்தோப்பில் கூடாரம் போட்டிருந்தபோது, சும்மா பழக்கம் பார்க்கலாம் என்று கயிற்றைத் தாழக் கட்டி ஏறினாள். கயிறு கட்டிய மூங்கில் முனகியது. கயிறு தூளி மாதிரி தொய்ந்தது.

புருஷன் சடையன் கெட்டவன் இல்லை. ஆனால் இளகிப் பேசவும் தெரியாதவன்.

"மாசித் தேருக்குள்ள பழையபடி ஆயிடு, புள்ள. இல்லாட்டி எங்க சித்தப்பா மவ குயிலியைக் கூட்டியாந்து ஏத்திடுவேன். வேற வழியில்ல."

மறுநாள்தான் அவள் மலை ஏறியது.

*

தயிர்ச்சோற்றைத் தொடாமல் இறங்கியவளைப் படியில் உட்கார்ந்திருந்த பூக்காரர் நிறுத்தினார். அந்த மலையில் கவளத்தம்மாவைவிட அதிகம் பேசுகிற ஞானி அவர்தான்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சாப்பிடுன்னாங்க."

பூக்காரர் சிரித்தார். "ஞானிங்க எங்கம்மா நேராப் பேசினாங்க? சாப்பிடுன்னா சாப்பிடாதேன்னு அர்த்தம். சோதிக்கறாங்க."

"பையன் முகத்தைக்கூடப் பார்க்கலைங்களே."

"பற்றறுத்தவங்க. அப்படித்தான் இருப்பாங்க."

பவளாயிக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

*

அதன்பிறகு தினமும் மலை ஏறினாள். குகையைக் கூட்டினாள். சுனையிலிருந்து தண்ணீர் எடுத்து வைத்தாள். சிஷ்யை என்று அவளாகவே தன்னை நினைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்பாள் கவளத்தம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஆச்சும்மா," என்பாள் பவளாயி.

"இதையும் எடுத்துக்கோ."

வாங்கிக்கொள்வாள். மடியில் கட்டிக்கொண்டு போய்க் கூடாரத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். சோதனையில் இன்று ஒரு படி ஏறினோம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனால் பசி லேசுப்பட்டதா? தண்ணீரைக் குடித்தாள். புளியங்கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டாள். ஈரத்துணியை வயிற்றில் இறுக்கிக் கட்டினாள். அடுப்பில் கேழ்வரகுக் களி வேகிற வாசனை வந்தால் எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். அங்கே மாடு புல் மேய்கிறதைப் பார்த்துக்கூட வாயில் எச்சில் ஊறியது. தனக்கே வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து அழுதாள்.

பிள்ளை சின்னான் பால் குடிக்கும்போதெல்லாம் அவன்மேல் கோபம் வந்தது. அதற்காகவும் அழுதாள்.

உடம்பு இறங்கியது. கன்னம் ஒட்டியது. வளையல் முழங்கை வரை ஏறியது.

"இப்பத்தான் பழைய பவளாயி மாதிரி இருக்க," என்றான் சடையன். கயிற்றை எடுத்து வெயிலில் காயப் போட்டான்.

அன்று அவள் பட்ட சந்தோஷத்தில் பசிகூடக் கொஞ்ச நேரம் மறந்து போயிருந்தது.

*

மார்கழிக் கடைசியில் ஒரு காலை. பனி. பிள்ளையைப் பழஞ்சேலையில் சுருட்டி அணைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"ஏறிட்டேம்மா. நேத்து கயித்துல ஏறிட்டேன். கயிறு தொய்யல. உங்க புண்ணியம்."

கவளத்தம்மா சுவரைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"இன்னொன்னு சொல்லணும். சின்னான்கூட இப்ப அழறதில்லம்மா. முன்னெல்லாம் பசிச்சா ஊரையே கூட்டுவான். இப்ப சத்தமே இல்ல. அவனும் பசியை ஜெயிச்சிட்டான்."

கவளத்தம்மா திரும்பினாள். முதல் தடவையாகப் பிள்ளையைப் பார்த்தாள்.

"துணியை எடு."

பவளாயி சேலையை விலக்கினாள்.

விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் இருந்தது. கவளத்தம்மா தன் மடியிலிருந்த சிவப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். மேலே இருந்த பூவெல்லாம் தரையில் உதிர்ந்தது. உள்ளே லிங்கமும் இல்லை, அம்மனும் இல்லை. ஆற்றில் கிடக்கிற சாதாரண உருண்டைக் கல்.

"பிள்ளையை ஒரு கையில வச்சுக்கோ. இதை ஒரு கையில பிடி."

பிடித்தாள்.

"எது கனம்?"

பிள்ளை என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் கல் இருந்த பக்கம் தோள் இறங்கிவிட்டது. கூட்டத்தின் முன்னால் எத்தனையோ ஜாலம் காட்டியவள். தன் தோளிடம் ஜாலம் காட்ட முடியவில்லை.

"கல்லுதாம்மா."

"உன் பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

"ஆறு முடியுது."

"என் பிள்ளைக்கு நாலு."

பவளாயி கல்லைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"அவனைக் குழியில வச்சிட்டு ஆத்துல இறங்கினேன். அவன் கனத்துல ஒரு கல்லைத் தேடி எடுத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு."

"என்னம்மா ஆச்சு பிள்ளைக்கு?"

"வெளியூர் போன அவங்கப்பா திரும்பி வரலை. வரணும்னு நோன்பு இருந்தேன். பச்சைத் தண்ணியும் ஒரு வாய் சோறும். பிள்ளை ரொம்ப அழுதான். அப்புறம் அழறதை நிறுத்திட்டான். சமர்த்துன்னு நினைச்சேன்."

வெளியே பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"அவர் வந்தாராம்மா?"

"வந்தார். நோன்பு பலிச்சுது. பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கிட்டு வந்திருந்தார்."

பவளாயி கல்லைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குச் செத்துப் போச்சு எனக்குப் பசி. நான் ஒண்ணையும் ஜெயிக்கலை. உயிர் போகாம இருக்க ஒரு வாய் போட்டுக்கறேன். ஊரு அதை வித்தைன்னுது. இல்லைன்னு நானும் சொல்லலை." கொஞ்சம் நிறுத்தினாள். "உன் பிள்ளையை ஒரு நாளாவது பார்த்திருக்கணும். எந்தப் பிள்ளையையும் என்னால பார்க்க முடியலை."

"நீங்க சாப்பிடச் சொன்னீங்களே... அது சோதனை இல்லையா?"

"சாப்பிடச் சொன்னேன்."

பவளாயி சட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள். காலையில் யாரோ கொண்டுவந்த பொங்கல். முதல் வாய் இறங்கவில்லை.  அழுதுகொண்டே தின்றாள். தின்றுகொண்டே பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். அவன் வாய் வைத்தான். உறிஞ்சத் தெம்பில்லாமல் விட்டுவிட்டான்.

"பால் ஊறுமாம்மா?"

"சாப்பிடு."

*

பூக்காரர் கேட்டார். "அம்மா இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"சாப்பிடுன்னாங்க."

அவர் அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தார். அவள் நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

*

தின்றாள். களி தின்றாள், கருவாடு தின்றாள், முருங்கைக்கீரையைச் சட்டியோடு வைத்துக்கொண்டு தின்றாள். சடையன் பார்த்தான்.

"இத்தனை பாடுபட்டு இளைச்சிட்டு, இப்ப என்ன புள்ள இது?"

அவள் பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

அவனும் மூங்கில் பிடித்த, கனம் தெரிந்த கைக்காரன்தான். வாங்கியவன் அப்படியே நின்றான். முகம் மாறிவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் குயிலியை அழைத்துவரக் கிளம்பினான். போகிறதற்கு முன்னால் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாங்கி வந்து அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான்.

வற்றிப் போன பால் எளிதில் திரும்பவில்லை. பவளாயி பயந்து பயந்து பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மத்தியானம், உலை கொதித்துக்கொண்டிருந்தபோது, சின்னான் முகத்தைச் சுளித்தான். உதட்டைப் பிதுக்கினான். வீறிட்டான்.

தோப்பில் இருந்த நாய்கள் எழுந்து குரைத்தன. சத்தம் மலை மேலே குகை வரைக்கும் போயிருக்கும். பவளாயி அவனைச் சமாதானப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் அழவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

*

மாசித் தேர் வந்தது. தேரடியில் மூங்கிலை நட்டுக் கயிறு கட்டினார்கள்.

குயிலி ஏறினாள். சின்னப் பெண், கொக்குக் கால். ஊர் அண்ணாந்து பார்த்தது. பவளாயி கீழே நின்று மேளம் அடித்தாள். முதுகில் பிள்ளை.

குயிலி ஒரு இடத்தில் இடது காலைத் தப்பாக வைத்தாள். பவளாயியின் தோள் தானாக அசைந்து சரிசெய்யப் பார்த்தது. மேலே குயிலி தானாகவே நிமிர்ந்துவிட்டாள். ஜனம் கை தட்டியது.

பவளாயிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனாலும் மேளம் தப்பவில்லை. கூத்து முடிந்து தட்டு ஏந்தியபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

*

மறுநாள் மலை ஏறினாள். இடுப்பில் பிள்ளை, தலையில் சோற்றுச் சட்டி. பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது.

கவளத்தம்மா பிள்ளையைப் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

அவன் காலை உதைத்துக்கொண்டு அவள் மடியில் போய் விழுந்தான். மடியில் இடமில்லை. கவளத்தம்மா கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"கயித்துல குயிலி ஏறிட்டாம்மா," என்றாள் பவளாயி.

"வலிக்குதா?"

"வலிக்குது."

கவளத்தம்மா பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் தாலியில்லாத கழுத்தைப் பிறாண்டினான். பிறகு வீறிட்டு அழ ஆரம்பித்தான். அந்தச் சின்னக் குகைக்குள் அது பெரிய சத்தம்.

பவளாயி சட்டியைத் திறந்தாள். சுடுசோறு, கீரைக் குழம்பு. வழக்கமான அந்த ஒரு கவளத்தை உருட்டி அம்மாவின் கையில் வைத்தாள். கவளத்தம்மா வாயில் போட்டு மென்றாள்.

"பாலுக்கு அழறான்," என்று பவளாயி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவன் வாய் வைத்ததும் சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் நிற்கவில்லை. "பார்த்தீங்களா, அதுக்குள்ள எனக்குப் பசிக்குதும்மா."

கவளத்தம்மாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"எனக்கும்," என்றாள்.