ஆடித் தண்ணீரின் நிறம்

"தெளியவே மாட்டேங்குதுங்கம்மா" என்றார் நஞ்சப்பன்.

ஆற்றில் ஆடிப் புதுவெள்ளம் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. கரையோரத்துக் குடிலில் தண்ணீர் எடுத்து வைப்பது அவர் வேலை. குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்தார். வண்டல் அடியில் உட்கார்ந்துவிட்டது. டீத்தண்ணீர் நிறம் மட்டும் அப்படியே நின்றது.

குடிலை நடத்தி, வருகிறவர்களுக்கு வழிகாட்டும் குருவம்மா எட்டிப் பார்த்தார். நஞ்சப்பனைவிடப் பத்து வயது இளையவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"கொட்டை மண்ணைத்தான் பிடிக்கும்ங்கண்ணா. கரைஞ்சு போனதை அது என்ன பண்ணும்?"

"நானும் அப்படித்தானுங்க. சித்திரையில ஆறு கண்ணாடியாட்டம் ஓடுது. எம் மனசும் தெளிஞ்சு கெடக்குது. அப்பாடா, பூவாத்தாளை மறந்துட்டோம்னு நினைக்கிறேன். ஆடி வந்தா எல்லாம் போச்சு. மூணு வருசமா இதே கதை. நான் கிளம்பறனுங்க."

பூவாத்தாள் அவருடைய ஒரே மகள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தத் துக்கத்தைத் தொலைக்கத்தான் மலையை விட்டு இறங்கி, ஆற்றோடு நடந்து இங்கே வந்து சேர்ந்தார். இன்று மூட்டை கட்டி வாசலில் வைத்தாயிற்று. பெரிய மூட்டை ஒன்றுமில்லை, ஒரு வேட்டி, ஒரு துண்டு.

குருவம்மா மூட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இந்த நிறம் எங்கிருந்துங்கண்ணா வருது?"

மலைக்காரருக்கா தெரியாது?

"கோடையில உதுந்த சருகுங்க. மொத மழையில ஊறி, சாறு எறங்கி, ஓடையோட ஆத்துக்கு வந்துருது. மழை ஓஞ்சா நிறம் போயிரும். அடுத்த வருசம் மறுபடியும் சருகு, மறுபடியும் மழை."

"எந்த மலைச் சருகு?"

"எங்க மலைதானுங்க. வேறெங்க?"

"அங்கே என்ன மரம்?"

"மருது இருக்குது. புங்கை இருக்குது. எங்க வீட்டுக்குப் பின்னால, ஓடைக்கரையில ஒரு நாவல்..."

நஞ்சப்பன் குடத்துக்குள் பார்த்தார்.

தின்று துப்பிய கொட்டையைத் தானே குழி தோண்டிப் புதைத்து, பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் தண்ணீர் ஊற்றி அந்த நாவலை வளர்த்தவள் பூவாத்தாள். அதன் பக்கத்தில்தான் அவளை அடக்கம் செய்திருந்தார்கள்.

"சரி, போறதுன்னா போங்கண்ணா" என்றார் குருவம்மா. "போறப்ப இந்தக் குடத்தை மட்டும் வெளியே கொட்டிட்டுப் போயிருங்க. சித்திரை வந்தா நல்ல தண்ணி கிடைக்கும்."

நஞ்சப்பன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். மகளையும் அந்தப் பக்கத்து இடுப்பில்தான் தூக்குவார். வாசலைத் தாண்டி, மூட்டையைத் தாண்டி, வேப்பமரம் வரைக்கும் போனார்.

வெகுநேரம் அங்கேயே நின்றார். குடம் சாயவில்லை. அழுகை வந்தது, அழுதார்.

பிறகு திரும்பி வந்து, குடத்தைப் பழைய இடத்திலேயே இறக்கி வைத்தார்.

"அம்மா, டம்ளர் எங்கீங்க?"

"ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் குருவம்மா.