தையல்நாயகியின் கைத்தாளம்

விலை இல்லாத ஒரு சரக்கு. நாள்தோறும் கிடைக்கும். நடந்துபோகும் வழியிலேயே கிடைக்கும். ஆனால் வாங்கலாம் என்று வருகிற நாளில் கடை மூடியிருக்கும். அது என்ன? கதை முடிவதற்குள் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்.

ஒரு காலத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்துறை என்றோர் ஊர் இருந்தது. தண்ணீரில் ஊறிய தென்னை நாரின் வாசனைதான் அந்த ஊரின் வாசனை. பொழுது சாய்ந்ததும் புன்னை மரத்தடியில் தையல்நாயகி கயிறு திரிப்பதை நிறுத்திவிட்டுக் கைத்தாளத்தை எடுப்பாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். மணல்துறையை விட்டு எவ்வளவு தூரம் போனவர்களுக்கும், ஊரை நினைத்தால் அந்தச் சத்தம்தான் முதலில் காதில் விழும்.

அவள் பாடியது அக்கரைப் பாட்டு. ஊரில் யாருக்காவது உயிர் பிரியும் நேரம் வந்தால், அவளை அழைத்து அதைக் காதில் பாடச் சொல்வார்கள். அதைக் கேட்டுப் போகும் உயிர் வழி தவறாது என்று நம்பினார்கள்.

அவளோ உயிரோடு இருப்பவர்களைத்தான் தினமும் கூப்பிடுவாள். "வாங்க, சொல்லித் தரேன். பாட்டு நாலே அடி. பொருள்தான் கொஞ்சம் பெரிசு. கத்துக்கிறவங்களுக்கே இந்தத் தாளம்."

மரத்தடியைத் தாண்டித் தினமும் போகிறவர்கள் மூன்று பேர். படகுக்காரர் பூவராகன் சிரிப்பார். "கடைசியிலே நீதானே அத்தை காதுல பாடப்போறே? இப்பவே எதுக்கு?"

"நான் முந்திக்கிட்டா?"

"நீயா? எங்க எல்லாரையும் அனுப்பி வச்சுட்டு, கதவைச் சாத்திட்டுத்தான் நீ கிளம்புவே!"

பள்ளிக்கூட வாத்தியார் கனகசபை, "பாட்டுத்தான் கோயில் சுவரிலே வெட்டியிருக்கே. எங்கே போயிடும்?" என்பார். மீன் விற்கும் ஆவுடை, "கூடை காலியானதும் வரேன் அத்தை" என்பாள். கூடை காலியாகும். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஓர் ஐப்பசியில் தையல்நாயகி காய்ச்சலில் படுத்தாள். மூன்று பேரையும் அழைத்துவரச் சொல்லி வைத்தியரை அனுப்பினாள். மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தார்கள். வாசலில் வைத்தியர், "ரெண்டு நாளா அவளுக்குக் காது கேக்கலை" என்றார். அதை நின்று கேட்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

உள்ளே தையல்நாயகி கண்மூடிக் கிடந்தாள். முகத்தில் பதற்றம் இல்லை. உதடு மெல்ல அசைந்தது. விரல் மட்டும் பாயில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் பாடினவளுக்குப் பாட ஆள் இல்லையே!" என்று பதறினார் பூவராகன். தன் பெற்றோரின் கடைசி நேரத்தில் கேட்ட மெட்டு அவருக்கு நினைவிருந்தது. சொற்கள் நினைவில்லை. குனிந்து அவள் காதில் மெட்டை மட்டும் முனகினார்.

கனகசபை கோயிலுக்கு ஓடினார். சுவரில் இருந்ததை மனப்பாடம் செய்து வந்து, நாலு அடியையும் ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தார். அவருக்குப் பொருள் தெரியாது.

ஆவுடைக்கு மெட்டும் வரவில்லை, சொல்லும் வரவில்லை. தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது அத்தை. இப்பவாவது சொல்லு."

கையைப் பிடித்ததை உணர்ந்து தையல்நாயகி கண்ணைத் திறந்தாள். ஆவுடையின் முகத்திலேயே கேள்வியைப் படித்துச் சிரித்தாள். முதல் அடியை மெல்லிய குரலில் பாடினாள். "இதுக்குப் பொருள் கேட்டுக்கோ. படகு இனிமேதான் வரும்னு கரையிலே நிக்காதே. பிறந்த அன்னிக்கே ஏறியாச்சு. அடுத்த அடி..." என்றாள். மூச்சு நின்றுவிட்டது.

அன்று மாலை விளக்கேற்றும் நேரம் யாருக்கும் தெரியவில்லை.

தாளம் யாருக்கு என்று மூவருக்குள்ளும் வழக்கு வந்தது. பெரியவர்களால் தீர்க்க முடியாத வழக்கு என்றால், கூட்டத்திலேயே சின்னக் குழந்தையின் கையில் பொருளைக் கொடுத்துவிடுவது மணல்துறை வழக்கம். குழந்தை என்ன செய்கிறதோ அதுவே தீர்ப்பு. வைத்தியரின் பேத்தி அஞ்சுகத்தின் கையில் தாளத்தைக் கொடுத்தார்கள்.

மெட்டைத் தந்தவர் ஒருவர், சொல்லைத் தந்தவர் ஒருவர், ஒன்றும் தராமல் கேட்டவள் ஒருத்தி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஆவுடை. தையல்நாயகிக்குக் காது கேட்கவில்லை; ஆகவே மெட்டும் சொல்லும் அவளிடம் போய்ச் சேரவே இல்லை. அவளுக்கு அவை தேவையும் இல்லை. பாட்டு அவளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்ததை விரல் சொல்லியது. அவள் கூப்பிட்டது தனக்காக அல்ல, அவர்களுக்காக. அதை ஆவுடை ஒருத்திதான் புரிந்துகொண்டாள். ஆனாலும் அவளுக்கும் கிடைத்தது ஓர் அடியின் பொருள்தான். மற்ற மூன்றின் பொருள் மணல்துறையில் யாருக்கும் தெரியாமலே போயிற்று. விலையில்லாத சரக்கு எது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அஞ்சுகம் தாளத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டு ஆவுடையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஓர் அடியைச் சொல்லித் தரச் சொன்னாள்.