பல்லிக்கு வாய் நிறைய பூச்சி

ஒரு ஊர்ல ஒரு பல்லி இருந்துச்சு. ராசா இல்ல, ராணி இல்ல, பல்லி. சாவடிச் சுவத்துல விளக்குக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு, அந்த ஊருக்கே தீர்ப்பு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. என்ன சிரிப்பு? ம் கொட்டு.

யாராச்சும் ஒண்ணு சொல்றப்ப அது "இச்சு இச்சு இச்சு"ன்னு கத்துச்சுன்னா போதும். மொத்த ஊரும் தரையில விரலால டொக்கு டொக்குன்னு தட்டி, பல்லியே சொல்லிருச்சு, உண்மைதான்னு எந்திரிச்சுப் போயிரும். நாட்டாமைக்கு ரொம்ப வசதி. யோசிக்கிற வேலை மிச்சம்.

அப்போ ஒருநாள் நாட்டாமையோட சேவலைக் காணோம். பக்கத்து வீட்டுக் குருவம்மாவைச் சாவடிக்குக் கூப்பிட்டு விட்டாங்க. அவளுக்குன்னு இருந்தது ஒரே ஒரு ஆடு, அதுவும் சினையாடு. அது குட்டி போட்டுப் பால் கறந்தாத்தான் அவ வீட்டுல கஞ்சி. நாட்டாமை விளக்கு வைக்கிற நேரமாப் பார்த்து, மீசையை முறுக்கிக்கிட்டு, இவதான் எடுத்தான்னாரு. இச்சு இச்சு. டொக்கு டொக்கு. அப்புறம் என்ன, அபராதமா ஆட்டை அவுத்துட்டு வாங்கடான்னு தீர்ப்பாகி, ஆடும் சாவடித் தூணுக்கு வந்துருச்சு.

இதுல கூத்து என்னன்னா, கூட்டத்தோட சேர்ந்து குருவம்மாவும் தட்டிட்டா. பொறந்ததுலேர்ந்து பழகுன விரலு. ஒருவேளை தூக்கத்துல நடந்து போயி சேவலைத் தின்னுட்டமோன்னு அவளுக்கே சந்தேகம் வந்து, வயித்தைத் தடவிப் பார்த்துக்கிட்டா. வெறும் வயிறு, கடமுடான்னுச்சு.

அப்பத்தான் அவளுக்குக் கோவம் வந்துச்சு. பல்லியைக் கேட்டுத்தான் பார்ப்போமேன்னு, சேவலை நாட்டாமையே அடிச்சுக் குழம்பு வச்சுட்டாருன்னா. இச்சு இச்சு. ஊரு டொக்கு டொக்குன்னு தட்டிட்டு, அப்புறம் வெடுக்குன்னு கையை மடக்கிக்கிச்சு. ஏதோ தற்செயலா கத்தியிருக்கும்னாரு நாட்டாமை. சரி, நாட்டாமை வச்சிருக்கிறது ஒட்டு மீசைன்னா. இச்சு இச்சு. நாட்டாமை பொண்டாட்டியே எட்டி ஒரு இழு இழுத்துப் பார்த்தா. அவரு போட்ட சத்தத்துல தெரிஞ்சுபோச்சு, அசல் மீசைதான். மூணாவதா என்ன சொல்றதுன்னு குருவம்மாவுக்கு ஓடல. ஆட்டையே பார்த்துக்கிட்டு பேசாம நின்னா. கூட்டமும் கப்சிப். அப்பவும் பல்லி இச்சு இச்சு இச்சு.

யாரும் ஒண்ணும் சொல்லலையே, இது எதை உண்மைங்குதுன்னு ஊரே திருதிருன்னு முழிச்சுச்சு. ம் வரலையே. தூங்கிட்டியா? ஆங்.

அப்புறம் நாட்டாமை, அப்ப சேவலை யாருதான் எடுத்தான்னு அவகிட்டயே கேட்டாரு.

"எனக்குத் தெரியாதுங்க. நான் எடுக்கலைங்கிறது மட்டும் எனக்குத் தெரியும். உங்களுக்கு அதுவும் தெரியாது. தெரியலைன்னு சொல்லிட்டு என் ஆட்டை விடுங்க"ன்னா.

அந்த ஒரு வார்த்தை அவரு வாயில வரணுமே. நாட்டாமை ஆன நாள்லேர்ந்து அதை அவரு சொன்னதே இல்ல. தெ...ன்னாரு. லொக்கு லொக்குன்னு இருமுனாரு. மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சாரு. கடைசியில எச்சிலை முழுங்கிக்கிட்டு, "தெரியலம்மா"ன்னாரு.

ஊரே விரலை நீட்டிக்கிட்டு சுவத்தைப் பார்த்துச்சு. பல்லி கத்தல. ஏன்னா அதுக்கு வாய் நிறைய பூச்சி.

குருவம்மா யாரு தட்டுறதுக்கும் காத்துக்கிட்டு நிக்கல. ஆட்டை ஓட்டிக்கிட்டு விறுவிறுன்னு வீட்டுக்குப் போயிட்டா.

சேவல் என்னாச்சா? நரி தூக்கியிருக்கலாம். நாட்டாமையைப் பிடிக்காம அதுவே ஓடியிருக்கலாம். எனக்கும் தெரியாது கண்ணு. இந்தா, நம்ம சுவத்துப் பல்லியும் கத்துது பாரு. விரலை மடக்கு. அது அதோட சோத்துக்குக் கத்துது. கதை சுருண்டுக்கிச்சு, நீயும் சுருண்டு படு.