செம்பைப் பிரித்த நாச்சாத்தாள் அம்மையார்

கீழ்ப்பாளையத்தில் செம்புப் பாத்திரங்களைத் திராவகத்தில் முக்கி அழுக்கெடுத்துக் கழுவும் வேலை செய்து வந்தவர் நாச்சாத்தாள் அம்மையார். விரல் நுனிகள் எப்போதும் வெந்து வெளுத்திருக்கும். கைம்பெண், பிள்ளையில்லை. பட்டறைச் சங்கு ஊதுமுன் நஞ்சுண்டேசுவரர் கோயில் கிணற்றில் நீர் இறைத்து, அபிஷேகத்துக்கு நான்கு குடம் நிறைத்து வைப்பது அவர் தாமாக ஏற்ற தொண்டு.

ஒரு கோடையில் கிணற்று நீர் கசந்தது. பரிசோதித்தவர்கள், செம்பு கலந்திருக்கிறது, வாயில் வைக்கக் கூடாது என்றார்கள். கிணற்றுக்குப் பூட்டு விழுந்தது. அபிஷேக நீர் லாரியில் வந்தது. பட்டறையின் கழிவு வாய்க்கால் கோயில் மதிலை ஒட்டித்தான் ஓடியது. அம்மையாருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலாளி சென்னியப்பனிடம் முறையிட்டார். அவர் சிரித்தார். "பேரே நஞ்சுண்டேசுவரர். இதையும் குடிச்சுக்க மாட்டாரா?"

"ஒருக்கா குடிச்சது போதாதுங்களா? இது என்ற கையால ஊத்துனதுங்க. நாந்தான் எடுக்கோணும்."

திராவகத் தொட்டியில் தவறி விழுந்த இரும்புக் கொக்கி, செம்பேறிச் சிவந்து வருவதை அவர் பலமுறை கண்டிருந்தார். நீரில் கரைந்த செம்பை இரும்பு இழுக்கும் என்பது அதிலேயே விளங்கியது. லேத்துப் பட்டறைகளில் கழித்துப் போட்ட இரும்புச் சுருளைச் சாக்கில் சுமந்து வந்தார். வாய்க்கால் ஓரம் பீப்பாய்களில் கழிவு நீரைத் தேக்கி, சுருளைப் போட்டுத் துடுப்பால் கிளறினார்.

முதலில் தோல்விதான். சுருளின் மேல் செம்பு படிந்ததும் வேலை நின்றுவிடும். ஓயாமல் கிளறி உதிர்த்தால்தான் மீண்டும் பிடிக்கும் என்று தெரியவே மாதங்கள் ஆயின. மிஞ்சிய கசடைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றி வண்டலாக அடியில் இறக்கினார். ஊர் 'இரும்பாத்தா' என்று பெயரிட்டுச் சிரித்தது. வேலை கெடுகிறது என்று முதலாளி அவரை நீக்கினார்.

"வேலைய எடுத்துக்குங்க. தண்ணிய மட்டும் என்ற பக்கம் உட்டுருங்க."

வயற்காட்டுக் கூலி வேலைக்குப் போய்க் கஞ்சி குடித்தார். மாலையில் பட்டறைத் தொட்டியைத் திறந்துவிடும் வேளைக்குத் தவறாமல் வந்து நின்றார். ஓராண்டு கழித்து, உதிர்ந்த செம்புத் தூளை மூட்டையாகக் கட்டி முதலாளி வாசலில் இறக்கினார். "உங்க செம்புங்க. வாய்க்கால்ல போயிட்டிருந்துச்சு."

அதை உருக்கிப் பார்த்த சென்னியப்பன், இத்தனை நாள் வாய்க்காலில் போன செம்புக்குக் கணக்குப் போட்டார். மறு வாரமே பட்டறைக்குள் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, அம்மையாரையே பொறுப்பில் வைத்தார்.

மூன்று மழைக்காலம் கழிந்து கிணறு தெளிந்தது. குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். திருவிழாவில் முதல் குடம் இறைப்பது யார்? இறைவனிடமே பூக்கேட்டார்கள்: மடித்த இரு பொட்டலங்களில் ஒன்றை எடுக்க, வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. தர்மகர்த்தாவுக்குச் சிவப்பு. சென்னியப்பனுக்கும் சிவப்பு.

"இரும்பாத்தாளுக்குங் கேளுங்க சாமி!" என்று கூட்டத்தில் ஒருவர் கேலியாகக் குரல் கொடுத்தார்.

வெள்ளை வந்தது. நம்பாமல் மறுபடி கேட்டார்கள், வெள்ளை. மூன்றாம் முறையும் வெள்ளையே.

சென்னியப்பன் தாமே பட்டறைக்கு ஓடினார். முந்தைய நாள் நீரை அம்மையார் கிளறிக்கொண்டிருந்தார்.

"சாமி உங்களத்தான் கேக்குதுங்கம்மா. வாங்க!"

அம்மையாரின் கண்கள் நிறைந்து வழிந்தன, துடுப்பு நிற்கவில்லை. "இந்தத் தொட்டி தெளியட்டுமுங்க. பாதியில உட்டா, அடுத்த தண்ணி வந்து செம்பு அத்தனையும் வாய்க்காலுக்குப் போயிருமுங்க."

கோயிலில் குருக்கள் மணியைக் கீழே வைத்தார். உச்சிப்பொழுது தாண்டியும் அபிஷேகம் தொடங்கவில்லை. ஊரே வெயிலில் நிற்க, ஒரு தொட்டி தெளியும்வரை நஞ்சுண்டேசுவரர் காத்திருந்தார். இறைவனையே காக்க வைத்த அந்தக் கைகளை வணங்குவோம்.